ஒரே உயிர் ஆட்டம்

ஜூலை 8, செவ்வாய்

காலை 6 மணி 15 மில்லி. 9 மணி 20. 12 மணி 20. 3 மணி 10. 6 மணி 25. 9 மணி 15.

பால் எடுத்த நேரத்தையும் அளவையும் குறித்து வைக்கும்படி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வீட்டில் தேடியதில் பூபதியின் கம்பெனி புத்தாண்டுக்குக் கொடுத்த டைரிதான் கிடைத்தது. ஜனவரியிலிருந்து ஜூன் வரை ஒரு பக்கம்கூட எழுதவில்லை. நான் ஜூலையில் ஆரம்பிக்கிறேன்.

எடை 1,090 கிராம். பிறந்தபோது 1,180. முதல் பத்து நாள் இறங்கித்தான் ஏறும் என்று டாக்டர் சொன்னாராம்.

ஜூலை 9, புதன்

6 மணி 20. 9 மணி 20. 12 மணி 25. மிச்சம் எழுத மறந்துவிட்டேன்.

பூபதி காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் பால் பாட்டில்களை ஐஸ் டப்பாவில் வைத்து எடுத்துப் போகிறார். பாப்பாவைப் பார்க்கிறார். பத்து நிமிஷம்தான் விடுகிறார்கள். அங்கிருந்தே கம்பெனிக்குப் போகிறார். இப்போது எக்ஸ்போர்ட் ஷிப்மென்ட் சீசன், லீவு கேட்க முடியாது. அம்மா காங்கயத்தில் இருக்கிறாள். அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், அவளால் நகர முடியாது. தினமும் போனில், "சாப்பிட்டியா கண்ணு" என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பேன்.

தையல் காயும்வரை படி ஏறி இறங்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எங்கள் வீடு இரண்டாவது மாடி. அதனால் நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

பம்ப்பைக் கழுவி, கொதிக்க வைத்து, காய வைத்தேன். மறுபடி கழுவினேன். ஏற்கெனவே கழுவியது மறந்துவிட்டது.

ஜூலை 10, வியாழன்

மதியம் பூபதி சாப்பிட வந்தவர், பரண்மேலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். போன வருஷம் வாங்கிய விளையாட்டுப் பெட்டி. கல்யாணத்துக்குப் பிறகு நாலைந்து தடவைதான் டிவியில் மாட்டியிருப்பார்.

"படுத்தே கெடந்தா மோட்டுவளையத்தான் பாத்துட்டு இருப்ப. இந்தா, இதப் புடி" என்று கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தார்.

"எனக்கெதுக்குங்க இது?"

"கோட்டை. அட்டைல என்னமோ நீளமா பேரு இருக்கும். ஹாஸ்டல்ல நாங்க கோட்டைம்போம். நாலு வருசம் நான் உருப்படியாப் படிச்சது இதைத்தான்."

இது முதலில் கம்ப்யூட்டருக்கு வந்த ஆட்டமாம். அதில் மவுஸை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், விரல் தேய்ந்துவிடும், எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கும். டிவிக்கென்று மாற்றியதில் எழுத்து பெரிதாகிவிட்டது. கன்ட்ரோலரின் குச்சியைத் தள்ளினால் திரையில் இருக்கிற ஆள் நடக்கும், பொத்தானை அமுக்கினால் அடிக்கும்.

"கம்ப்யூட்டர்ல ஆளுக்கொரு பெட்டி. நான் ஒரு மூலைல கெடப்பேன், கூட ஆடறவன் இன்னொரு மூலைல. இதுல ஒரே திரை. நான் முன்னாடி போனா நீ இழுபட்டு வருவ. நீ நின்னுட்டா நானும் நிக்கணும்." அதைப் பெரிய குறையாகச் சொன்னார்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். நான் ஒரு ஆளை உருவாக்கினேன். வில்லாளி. கறுப்புப் பின்னல். பெயர் கேட்டது. குச்சியைத் தள்ளி ஒவ்வொரு எழுத்தாக எடுக்க வேண்டும். எடுத்தேன். பிறகு வரிசையாக ஏதேதோ கேட்டது, எல்லாவற்றுக்கும் சரி என்று அமுக்கினேன். ஜூலை முதல் தேதி ஆஸ்பத்திரியில் ஆறு தாளில் கையெழுத்துப் போட்டேன். ஒன்றையும் படிக்கவில்லை. அது மாதிரிதான்.

இரண்டு மணி நேரம் ஆடினேன். 3 மணிப் பால் தாமதமாகி 3.40க்கு எடுத்தேன். 30 மில்லி.

ஜூலை 11, வெள்ளி

பூபதி மாலையில் வந்து டிவியைப் பார்த்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏ வாணி. வேற பேரே கெடைக்கலியா உனக்கு?"

என் ஆளின் தலைக்கு மேல் சின்னதாக ஆங்கில எழுத்தில் மிளிரா என்று இருந்தது.

அது பாப்பாவுக்காக ஐந்தாம் மாதத்தில் நாங்கள் இருவர் மட்டும் பேசி வைத்த பெயர். இவர்கள் குடும்பத்தில் பெயர் வைக்கிற சீர் நடந்து, மாமன் மடியில் உட்காரவைத்துக் காதில் சொல்லும்வரை பெயரை வாயால் சொல்லக் கூடாது. ஆண் பிள்ளைக்கு ஒன்று, பெண் பிள்ளைக்கு ஒன்று என்று பூபதி போனில்தான் எழுதி வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 'கோகிலவாணி பேபி' என்று என் பெயர்தான் இருக்கிறது.

நான் வாயால் சொல்லவில்லை. எழுதத்தான் செய்தேன்.

பூபதி டிவியின் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். "பேரைச் சுத்திச் செகப்புக் கோடு இருக்குதே. இதை எதுக்குத் தேர்வு பண்ணுன?"

"என்ன அது?"

"ஒரே உசுரு ஆட்டம் வாணி. மத்ததுல செத்தா எந்திரிச்சு வந்துரும். இதுல செத்தா செத்ததுதான்."

"மாத்த முடியாதா?"

"முடியாது. அழிச்சுட்டு வேற ஆளைப் போடலாம். ரெண்டு பொத்தான்தான். அழிச்சுரட்டுமா?"

கேட்டுவிட்டு அவரே வாயை மூடிக்கொண்டார்.

"இருக்கட்டும்" என்றேன்.

எடை 1,075.

ஜூலை 12, சனி

6 மணி 25. 9 மணி 30. 12 மணி 30. 3 மணி 25. 6 மணி 30. 9 மணி 20.

பதினொன்றாம் நிலை. எடை 1,075, நேற்றைப் போலவே.

ஜூலை 13, ஞாயிறு

இன்று ஆனி 29. எனக்கு வளைகாப்பு நடக்க வேண்டிய நாள். கண்ணாடி வளையல் ஏழு டஜன் பீரோவுக்கு மேல் அட்டைப் பெட்டியில் இருக்கிறது.

பூபதியின் அக்கா சாந்தாமணி நங்கையா வந்தார்கள். கதவைத் தட்டியதுமே டிவியை அணைத்துவிட்டேன். அனுப்பர்பாளையத்தில் பவர் டேபிள் போட்டு பனியன் தைத்துக் கொடுக்கிறார்கள், பன்னிரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். அத்தனை பேரையும் அதட்டுகிற குரலில்தான் என்னிடமும் பேசுவார்கள். தூக்குப் போசியில் கருவாட்டுக் குழம்பும் பூண்டு வதக்கியதும் கொண்டுவந்திருந்தார்கள்.

"ஏம்புள்ள, தலையச் சீவுனா கிரீடம் எறங்கிருமா?"

"சீவணுங்க."

"எப்ப, பாப்பா காலேஜ் போறப்பவா? உக்காரு இங்க." சீப்பை எடுத்துப் பின்னால் உட்கார்ந்து இழுத்து இழுத்துச் சிக்கெடுத்தார்கள். "ஏதோ டிவி பாத்துட்டிருந்தியாட்ட இருக்குது. பொட்டி சூடாக் கெடக்குது."

"செய்திங்க நங்கையா."

"நல்ல செய்தியா வந்துச்சா?"

அவர்கள் வளையலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. போகும்போது பீரோவுக்கு மேலே ஒரு தடவை பார்த்தார்கள்.

அதன்பின் ஆட உட்காரவில்லை. எடை 1,060.

ஜூலை 14, திங்கள்

பதினான்காம் நிலை. காலையில் ஆரம்பித்து நாலு மணிவரை ஆடினேன். பூபதி மாலையில் போன் செய்தார். 1,080. இருபது கிராம் ஏறியிருக்கிறது. முதல் தடவை.

ஜூலை 15, செவ்வாய்

பதினைந்தாம் நிலை. 1,095.

ஜூலை 16, புதன்

பதினாறு. 1,115.

பாதி ஆட்டத்தில் விட்டு நிலை ஏறாத ஒரே நாள் ஞாயிற்றுக்கிழமை. இறங்கியதும் ஞாயிற்றுக்கிழமை.

நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவள். இரண்டு எண்கள் சேர்ந்து ஏறுவதால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் எழுதுகிறேன். தினமும் ஒரு நிலை. அதற்குமேல் ஆசைப்படக் கூடாது, குறையவும் விடக் கூடாது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஜெசிந்தா சிஸ்டர் போன் செய்தார். "கோகிலவாணி அம்மாங்களா? என்னம்மா, பாலு மட்டும் வருது, ஆளைக் காணோம்? வந்து ஒரு தடவ தொட்டுப் பாருங்க. குரல் கேட்டா அது நல்லா முழிக்கும்."

"வர்றேன் சிஸ்டர். நாளைக்கு வர்றேன்."

ஜூலை 17, வியாழன்

மழை தூறியது. பதினேழு. 1,130.

ஜூலை 18, வெள்ளி

பூபதி ஆட்டோவுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டார். தையல் இழுக்கிறது என்றேன். சரி என்று ஐஸ் டப்பாவை எடுத்துக்கொண்டார். செருப்பைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் வாசலிலேயே நின்றார்.

"அது உன்னால இல்ல வாணி. சிஸ்டர் அன்னிக்கே சொன்னாங்க."

"தெரியும்ங்க. ஐஸ் உருகிரும், கெளம்புங்க."

என்ன நடந்தது என்று எழுதிவிடுகிறேன். ஜூலை 3. என்னை வீல் சேரில் உட்காரவைத்துக் கூட்டிப் போனார்கள். கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டில் வட்டமான ஜன்னல் இருக்கிறது. கையை மூன்று தடவை கழுவச் சொல்லி, அதன் வழியே விடச் சொன்னார்கள். உள்ளே சூடாக இருந்தது. பாப்பாவின் கால் என் சுண்டுவிரல் கனம்தான் இருந்தது. தொட்டேன். தொட்டதுமே மணி அடித்தது. திரையில் எண்கள் சிவப்பாகிக் கடகடவென்று இறங்கின. யாரோ என் கையைப் பிடித்து வெளியே எடுத்தார்கள், வீல் சேரைப் பின்னால் இழுத்தார்கள். திரைச்சீலை மூடியது. உள்ளே நாலு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சரியாகிவிட்டது என்று கால் மணி நேரம் கழித்துச் சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் போகவில்லை.

கோட்டையில் நான் எதையும் தொடுவதில்லை. வில்லாளி தூரத்தில் நின்றுதான் அடிப்பாள். ஏதாவது கிட்டே வந்தால் வலது குச்சியைத் தள்ளுவேன், உருண்டு விலகிவிடுவாள். கதவு மணி அடித்தால் நடுப் பொத்தான், எல்லாம் அப்படியே நின்றுவிடும். கம்ப்யூட்டரில் ஹாஸ்டல்காரர்கள் சேர்ந்து ஆடும்போது நிறுத்தவே முடியாதாம். இதில் நிறுத்த முடிகிறது.

இருபது. (சீக்கிரம் ஏறிவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை.) 1,150.

ஜூலை 19, சனி

அவளுடைய மேலங்கிக்குச் சாயம் போட்டேன். மஞ்சள். செருப்புக்கும் மஞ்சள். 22. 1,170.

ஜூலை 20, ஞாயிறு

24. எடை 1,185. பிறந்த எடையைத் தாண்டிவிட்டாள். பூபதி ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் ஃப்ரிட்ஜில் வைத்தார்.

இடது மார்பு கல் மாதிரி கட்டியிருக்கிறது. குளிர்கிறது.

ஜூலை 21, திங்கள்

காய்ச்சல் 102. இடது பக்கம் தொடவே முடியவில்லை. பூபதி லீவு போட்டுவிட்டார். தெருமுனை டாக்டரம்மா வீட்டுக்கே வந்து மாத்திரை எழுதிக்கொடுத்து, வலித்தாலும் பால் எடுப்பதை நிறுத்தக் கூடாது என்றார்.

உட்கார முடியவில்லை. கன்ட்ரோலரைப் பிடித்தால் கை நடுங்கியது. இந்த நடுக்கத்தில் ஆடினால் என்ன ஆகும் என்று தெரியும்.

"நீங்க ஒரு நிலை ஏத்தி வெச்சுருங்க. ஒண்ணே ஒண்ணு. இருபத்தஞ்சு ஆக்கிட்டு உடனே நிறுத்திருங்க."

"இன்னைக்கு ஒரு நாளு விட்டா என்ன ஆயிரும்?"

என் முகத்தைப் பார்த்தவர், "சரி. ஏத்தறேன். நீ தூங்கு" என்றார்.

மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டேன். எழுந்தபோது மணி ஆறு. பூபதி ஆஸ்பத்திரி போய் வந்திருந்தார். சோஃபாவில் உட்கார்ந்திருந்தார், டிவி அணைந்திருந்தது.

"மூக்குக் குழாயை எடுத்துட்டாங்க வாணி. நாலு மணிக்கு. அதுவாவே மூச்சு விடுது." அப்படி ஒரு சேதியைச் சொல்கிற முகமாக அது இல்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சந்தோஷத்தில் அழுதிருப்பார்.

"ஏத்துனீங்களா?"

"ஏத்திட்டேன். இருபத்தஞ்சு."

"காட்டுங்க."

"பெட்டில ஃபேன் சத்தம் போடுது. சூடாகி நின்னு போச்சு. நாளைக்குச் சர்வீஸுக்குக் குடுத்துட்டு வந்தர்றேன். ரெண்டு மூணு நாள்ல வந்துரும்."

"உள்ள இருக்கறது அழிஞ்சுராதே?"

"அழியாது."

1,205. குழாய் இல்லாமல்.

ஜூலை 22, செவ்வாய்

6 மணி 20 (வலது மட்டும்). 9 மணி 25. 12 மணி 20. 3 மணி 30. 6 மணி 30. 9 மணி 30.

பெட்டி இருந்த இடத்தில் தூசி சதுரமாக இருக்கிறது. துடைத்தேன்.

ஜெசிந்தா சிஸ்டர் போன் செய்தார். இனி பாப்பாவை வெளியே எடுக்கலாமாம். அம்மாவின் நெஞ்சில் சட்டையில்லாமல் ஒட்டிவைத்து, மேலே துணியைச் சுற்றிக் கட்டிவிடுவார்களாம், கங்காரு மாதிரி. தினமும் சில மணி நேரம். "எவ்வளவு பக்கத்துல இருக்கோ அவ்வளவு சீக்கிரம் தேறும்மா." காய்ச்சல் இருக்கிறது என்றேன். அது பொய் இல்லை. நின்றதும் வாருங்கள் என்றார்.

பூபதி வீட்டுக்கு வரப் பத்து மணியாகிவிட்டது. ஷிப்மென்ட்.

ஜூலை 23, புதன்

காய்ச்சல் இல்லை. சிஸ்டரிடம் இருக்கிறது என்று சொன்னேன்.

நங்கையா வீட்டிலிருந்து தினமும் வரும் சாப்பாடு இரண்டு நாளாக வரவில்லை. வேலை அவசரமாம். பூபதி ஓட்டல் இட்லி வாங்கி வந்தார். கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கேட்டதற்கு, அட்டைப்பெட்டி கட்டுகிற பட்டை கிழித்துவிட்டது என்றார். இரண்டு கட்டைவிரலிலுமா?

1,240. நான் எதுவும் செய்யாமல் ஏறியிருக்கிறது. இருபத்தைந்தை அவர் ஏற்றிவைத்ததால் இருக்கலாம். எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று தெரியவில்லை.

ஜூலை 24, வியாழன்

1,260. பூபதி இன்றும் பத்து மணிக்குத்தான் வந்தார். சாப்பிடும்போதே தூங்கி விழுந்தார்.

ஜூலை 25, வெள்ளி

பெட்டி வந்துவிட்டது. அவரே மாட்டினார். நான் தரையில் உட்கார்ந்தேன். மிளிரா நின்றுகொண்டிருந்தாள். கறுப்புப் பின்னல், மஞ்சள் மேலங்கி, வில். நிலை 26.

"சர்வீஸ்காரர் ஆடிப் பாத்திருப்பாரு. அதான் ஒண்ணு எச்சா இருக்குது" என்றார்.

"அவரு எதுக்கு ஆடணும்? செத்திருந்தா?"

"அதான் சாகலியே."

செருப்பு பழுப்பாக இருந்தது. நான் மஞ்சள் போட்டிருந்தேன். அதைவிட நல்ல செருப்பு கிடைத்ததால் மாற்றிவிட்டதாகச் சொன்னார். ஆடியது மொத்தம் இருபத்தொரு மணி நேரம் என்று திரையில் காட்டியது. நாற்பதுக்கு மேல் பார்த்த நினைவு. சர்வீஸில் ஏதாவது மாறியிருக்கும்.

27 ஆக்கினேன். 1,285.

ஜூலை 26, சனி

28. 1,310. சிஸ்டர் போன் செய்தார், நான் எடுக்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

இன்றைக்குப் பால் கணக்கு எழுதவில்லை. எடுத்தேன், எழுதத் தோன்றவில்லை.

பூபதி பத்து மணிக்கு ஆஸ்பத்திரி போனார். ஞாயிற்றுக்கிழமை கூடுதல் நேரம் இருக்க விடுகிறார்கள். வீட்டுச் சாவியை நங்கையாவிடம் கொடுத்திருப்பார் போல. நான் கோட்டையின் நான்காம் அடுக்கில் ஒரு பாலத்தின்மேல் நின்றுகொண்டிருந்தபோது கதவு திறந்தது. பெரிய சண்டை இல்லை. ஆனாலும் நிறுத்தவோ அணைக்கவோ கை எழவில்லை. பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

தூக்குப் போசியோடு எனக்குப் பின்னால் வந்து நின்றார்கள். திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். டிவியைப் பார்த்தார்கள்.

"அந்தத் தூணுக்குப் பின்னாடி போகாத புள்ள."

நான் திரும்பவில்லை.

"சொல்றனல்ல, போகாத. அங்கிருந்து அந்தச் சாம்பல் மூதேவி எந்திரிச்சு வரும். வந்தா உருளோணும், நின்னு அடிக்கப்படாது."

நடுப் பொத்தானை அமுக்கினேன். எல்லாம் நின்றது. நங்கையாவும் நின்றுவிட்டார்கள். தூக்குப் போசியின் மூடி மட்டும் கடகடவென்று ஆடியது.

அவர்களின் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் நுனி இரண்டும் கொப்புளித்துக் காய்ந்திருந்தன.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"எது?"

"சாம்பல்."

"டிவில பாத்தேன்."

"எந்த டிவிலங்க நங்கையா?"

பொய் சொல்ல வராத மனுஷி. பன்னிரண்டு பேரை அதட்டுகிறவர்கள், சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்ட ஆரம்பித்தார்கள்.

முதல் பக்கத்துக்கு வந்தேன். ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற இடத்துக்குக் கீழே 'வீழ்ந்தவர்கள்' என்று ஒன்று இருக்கிறது. இத்தனை நாளும் அதை நான் திறந்ததில்லை. திறக்கக் கூடாது என்று வைத்திருந்தேன். திறந்தேன்.

ஒரே ஒரு வரி. மிளிரா. நிலை 24. சாம்பல் காவலனால் வீழ்ந்தாள். ஜூலை 21, மாலை 3.38.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பம்ப்பைப் பிடித்திருக்கும்போது மரத்துப்போவது மாதிரி கை மட்டும் மரத்திருந்தது.

நங்கையா வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். முட்டி கடகடத்தது.

"செவ்வாக்கிழமை காலைல வந்தான். இந்தப் பொட்டியத் தூக்கிட்டு. வந்ததும் வராததுமா நடுவீட்ல உக்காந்து அழுகறான். கொன்னுட்டேன் அக்கா, நானே கொன்னுட்டேன்னு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. கொழந்தைக்குத்தான் என்னமோன்னு நானும் ஒப்பாரி வெச்சுட்டேன். தைக்கற பொம்பளைங்க எல்லாம் மிஷின நிறுத்திட்டு ஓடியாந்துட்டாங்க. பொறவு பாத்தா பொம்மை. ரெண்டு அறை அறையலாம்னு வந்துச்சு."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன அப்பறம். வாணிக்குத் தெரிஞ்சா அவ மறுபடி எந்திரிக்கவே மாட்டாக்கா, வெள்ளிக்கெழமைக்குள்ள அதே மாதிரி ஒண்ணு செஞ்சரோணும்ன்னான். ரெண்டு பேரு ஆடுனா சீக்கிரம் ஏறுமாம். நான் எங்க கண்டேன் இதையெல்லாம்? அவன் கம்பெனிக்கு மத்தியானம்வரைக்கும் போய்ட்டு வந்துருவான். வந்தா ராத்திரிவரைக்கும் இதேதான். அவன் முன்னாடி ஓடுனா என்னையத் தரதரன்னு இழுத்துட்டுப் போகுது. டேய் நில்றா, முட்டி வலிக்குதுங்கறேன். உனக்கா முட்டி வலிக்குது, பொம்மைக்குத்தானேங்கறான்."

எனக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. சத்தம் வித்தியாசமாக இருந்ததால் நிறுத்திக்கொண்டேன்.

"மூணு நாளா ஆர்டர்க்காரங்க போன் மேல போனு. ஓனரம்மா எங்கன்னா, கோட்டைல சண்டை போட்டுட்டு இருக்காங்கன்னு எம்பட தையக்காரி ஒருத்தி சொல்லியிருக்கறா. மானமே போச்சு."

பிறகு திரையைக் காட்டினார்கள். "இது என்ன மணி போட்டிருக்குது?"

"மூணு முப்பத்தெட்டு."

"அன்னிக்கு நாலு மணிக்குத்தான கொழாயை எடுத்தாங்க?"

"ஆமாங்க."

அதற்குமேல் அவர்கள் விளக்கவில்லை. தட்டில் சாதம் போட்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்து என் கையில் கொடுத்தார்கள். சாப்பிட்டேன். கிளம்பும்போது படியில் நின்று திரும்பினார்கள்.

"பேரு நல்லாத்தான் இருக்குது. சீருக்கு முன்னாடி வெளிய சொல்லித் தொலையாத. நானும் யாருகிட்டயும் சொல்லல. அவன்கிட்டயும், உனக்குத் தெரியும்னு நான் சொல்லல. நீங்களே பாத்துக்கங்க."

அவர்கள் போனபிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று முப்பத்தெட்டுக்கு அவள் செத்தாள். நாலு மணிக்கு இவள் தானாக மூச்சு விட்டாள். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் மிளிரா என்று யாரும் முழுதாக இல்லை, பாதி வளர்ந்த ஒருத்திதான் அனுப்பர்பாளையத்தில் இருந்தாள். அந்த மூன்று நாளும் எடை ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் ஆடியதும் ஏற்றவில்லை, நான் தொட்டதும் இறக்கவில்லை. என்னால் எதுவுமே நடக்கவில்லை.

இது நிம்மதியாக இருக்க வேண்டும். எழுதிப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

பூபதி மூன்று மணிக்கு வந்தார். 1,335 என்றார். ஷர்ட்டைக் கழற்றிவிட்டு டிவியைப் பார்த்தார், அணைந்திருந்தது. "இன்னைக்கு ஏத்தலியா?" என்று கேட்டார். சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

"இல்லீங்க."

அவர் முகம் என்னவோ ஆகிவிட்டது. "நான் வேணா ஏத்தட்டுமா? ஜாக்கிரதையா ஆடறேன்."

"வேண்டாம். நாளைக்கு ஆட்டோவுக்குச் சொல்லுங்க."

ஜூலை 28, திங்கள்

முப்பத்தாறு படி. ஒவ்வொன்றுக்கும் நின்றேன். பூபதி எனக்கு முன்னால் இரண்டு படி இறங்கிவிட்டு நிற்பார், நான் வந்ததும் இறங்குவார், மறுபடி நிற்பார். ஒரு கையில் ஐஸ் டப்பா.

ஜெசிந்தா சிஸ்டர் குள்ளமாக இருக்கிறார். போனில் உயரமானவர் என்று நினைத்திருந்தேன். "அடடே, பாலுக்காரம்மா வந்தாச்சு" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. கையைக் கழுவச் சொன்னார். மூன்று தடவை கழுவினேன். முன்பக்கம் திறக்கிற அங்கி கொடுத்தார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் சாய்வு நாற்காலி. பூபதியையும் ஓர் ஓரத்தில் நிற்க விட்டார்கள்.

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து எடுத்து, ஒயர்களோடு என் நெஞ்சில் வைத்தார்கள். தவளை மாதிரி கால் மடிந்திருந்தது. தலையில் என் உள்ளங்கையில் அடங்குகிற அளவுக்கு ஒரு குல்லா. மேலே துணியைச் சுற்றிக் கட்டினார்கள். கனமே இல்லை. வெந்நீரில் பிசைந்த சப்பாத்தி மாவு உருண்டை அளவுதான். மூச்சு என் தோலில் பட்டு விட்டு விட்டு வந்தது.

"ஒரு மணி நேரம் அசையாம உக்காருங்க. ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

பன்னிரண்டு நிமிஷம் ஆனது. எதிரே கடிகாரம் இருந்ததால் தெரியும். மணி அடித்தது.

அதே மணி. திரையில் எண் சிவப்பானது. என் வலது கட்டைவிரல் தானாக அசைந்தது, உருண்டு விலகப் பார்த்தது. அப்புறம் நடுப் பொத்தானைத் தேடியது. பாப்பாவின் முதுகைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. கையை எடுத்துவிடச் சொல்லி உடம்பெல்லாம் சொன்னது. பூபதி ஓர் அடி முன்னால் வந்தார். நான் எடுக்கவில்லை. தைரியம் என்று சொல்ல முடியாது. கையை எடுத்தாலும் ஒன்றுதான், வைத்திருந்தாலும் ஒன்றுதான் என்று நேற்றுத்தான் கணக்குப் போட்டிருந்தேன். ஒன்றுதான் என்றால் வைத்திருக்கலாம்.

ஜெசிந்தா சிஸ்டர் அடுத்த பெட்டியிலிருந்து நடந்துதான் வந்தார், ஓடி வரவில்லை. பாப்பாவின் பாதத்தை விரலால் இரண்டு தட்டு தட்டினார். காலில் ஒட்டியிருந்த சிவப்பு விளக்கைச் சரியாக அழுத்தினார். மணி நின்றது.

"காலை ஒதைச்சா ஒயரு கழண்டுருது. ஒரு நாளைக்கு இருபது தடவ அடிக்கும், இதுக்குப் போயி மூஞ்சி ஏன் இப்படி ஆகுது?" என்றார். பிறகு அட்டையில் மாட்டிய தாளை எடுத்தார். "இன்னைல இருந்து நெஞ்சுல வெக்கறதுக்குத் தனிக் குறிப்பு போடணும். இன்னும் உங்க பேரே போட்டுட்டு இருக்கலாமா? பேரு முடிவு பண்ணிட்டீங்களா?"

பூபதி, "சீர் வெச்சுட்டு..." என்று ஆரம்பித்தார்.

"மிளிரா" என்றேன்.

வாயால் சொன்னது முதல் தடவை. குல்லாவுக்குள்ளிருந்து புருவம் மாதிரி ஒன்று சுருங்கியது. சிஸ்டர் எழுதிக்கொண்டு போனார்.

பூபதி கிட்டே வந்து குனிந்தார். "வெளிய சொல்லிட்டியே வாணி. அக்காளுக்குத் தெரிஞ்சா ஆடித் தீத்துரும்."

"அவங்களுக்கு முன்னயே தெரியும்ங்க" என்றேன். "முட்டி வலிக்குதுன்னாங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிளாஸ்திரி ஒட்டிய கட்டைவிரல்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டார், வெளியே எடுத்தார். பிறகு திரைச்சீலையோரம் இருந்த பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப்போட்டு, என் முட்டியில் அவர் முட்டி இடிக்கிற மாதிரி உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரம் முடிந்ததும் சிஸ்டர் வந்தார். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறேன் என்றேன்.

ஜூலை 29, செவ்வாய்

6 மணி 55 மில்லி. 9 மணி 50. 12 மணிக்கு அங்கேயே கொடுத்தேன், ஸ்பூனில், எத்தனை மில்லி என்று தெரியாது.